எந்தக் கண்ணாடி?

சென்ற வாரம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போன ஊசி, இந்த ஆறு நாளும் அண்ணியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இதெல்லாம் ஒரு சண்டையா என்று இரண்டு வாசகர்கள் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். சண்டை என்றால் சத்தம் போட வேண்டுமா என்ன? ஒரே வீட்டில் ஒரே குழாயில் பல் தேய்த்துக்கொண்டு ஆறு நாள் பேசாமல் இருந்து பாருங்கள், தெரியும்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நகரத்தின் ஓரத்தில் பழைய பேருந்துப் பணிமனை இருந்த இடத்தில், கீழே கடைகளும் மேலே வீடுகளுமாக ஒரு முழுத் தெருவே வரப்போகிறது. ஊரார் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'கீழ்மேல்'. நடைபாதை எவ்வளவு அகலம், வெற்றுச் சுவர் எத்தனை மீட்டருக்கு மேல் போகக் கூடாது, குப்பைத் தொட்டி எங்கே ஒளிய வேண்டும் என்று அந்தத் தெருவுக்கு முப்பத்தொரு விதிகள். எழுதியவள், நகராட்சித் திட்டப் பிரிவில் வேலை பார்க்கும் நம் அண்ணி.

ஊசி அவளுடைய நாத்தனார். ஆளும் மெலிசு, குரலும் மெலிசு, பேசினால் சுருக்கென்று இருக்கும் என்பதால் அண்ணன் வைத்த பெயர். விக் கட்டுவது அவள் தொழில். வைத்தியத்தில் முடி கொட்டிப்போனவர்கள் ஆஸ்பத்திரி பஸ்ஸில் வந்து, பணிமனைக்குப் பின்னால் உள்ள சந்தில் அவள் கதவைத் தட்டுவார்கள். அந்தச் சந்தும் இடிபடப் போகிறது. கீழ்மேலில் ஒரு கடை கிடைத்தால் அதே பஸ், அதே நிறுத்தம், படி ஏறாத தரைத்தளம். விண்ணப்பம் கொடுக்க நாளை காலை கடைசி.

இடையில் வந்து நின்றது அண்ணியின் பதினேழாம் விதி. 'தெருவை நோக்கிய கடை முகப்பில் அறுபது விழுக்காடு கண்ணாடியாக இருத்தல் வேண்டும்.' ஊரே நடந்து போகும் தெருவில், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, தலையில் கட்டிய துணியை அவிழ்க்க யாருக்கு மனசு வரும்?

"என் கடைய நகராட்சி இடிக்கல அண்ணி, நீங்க இடிச்சிட்டீங்க" என்றுதான் போன வாரம் எழுந்து போனாள். சரி, இனி இன்றைக்கு வருவோம். இன்று மாலை நான்கு மணிக்கு இந்த விதிகள் ஒப்புதலுக்காக நகராட்சிக் குழுவின் முன்னால் போகின்றன.

காலையில் அந்த வீட்டில் எழுந்த முதல் குரல் அண்ணியுடையது.

"என் கண்ணாடி எங்க?"

"வண்டியில ஏத்தியாச்சு. நாலடிக்கு ஆறடி, ரெண்டு தகடு," என்று வாசலிலிருந்து பதில் வந்தது. அவள் கணவர், ஊசியின் அண்ணன், கண்ணாடி பொருத்துகிறவர். ஜன்னல், அலமாரி, கடை முகப்பு எதுவானாலும் அளந்து வெட்டி மாட்டிக் கொடுப்பார்.

"உங்க கண்ணாடி இல்லங்க. என் கண்ணாடி. அது இல்லாம பைல்ல ஒரு எழுத்து தெரியல எனக்கு."

உள் அறையிலிருந்து ஊசி வந்தாள். ஒரு வார்த்தை பேசாமல், கைப்பிடி வைத்த முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

அண்ணிக்குக் கோபம் வந்தது. இதுவும் ஒரு குத்தல் என்று நினைத்துக்கொண்டு அதை எடுத்துப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடி அவள் தலைமேல்தான் இருந்தது.

அந்த வீட்டில் கண்ணாடி எங்கே என்று கேட்டால் மூன்று பேரும் மூன்று பக்கம் ஓடுவது என்றைக்கும் உள்ளதுதான். அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. கூடச் சேர்ந்து சிரிக்க நாத்தனார் இல்லையே என்று அடுத்த கணமே வருத்தமாகவும் இருந்தது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பினாள்.

ஆபீஸில் அவளுக்கு முன்பாக ஒரு கடிதம் வந்து காத்திருந்தது.

பிரிவுத் தலைவர் நல்ல மனிதர்தான். ஆனால் கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தால் பென்சில் சீவ ஆரம்பித்துவிடுவார். இன்று அவர் மேஜையில் நான்கு பென்சில்கள் ஊசிமுனையாக நின்றன.

"பேரு போடாத கடுதாசி. படிச்சுப் பாருங்க."

இரண்டே வரி. 'திட்ட அலுவலரின் கணவர் கண்ணாடி வியாபாரி. அறுபது விழுக்காடு எங்கிருந்து வந்தது என்று இப்போதாவது புரிகிறதா?'

அண்ணி அதை இரண்டு முறை படித்தாள். முகம் சூடானது. இப்படி ஒரு கணக்கு போட முடியும் என்பதே அவளுக்கு இதுவரை தோன்றவில்லை.

"சார், எங்க வீட்டுல இந்த விதியால நாசமாப் போறது யாருனு தெரியுமா? என் நாத்தனார். அவ கடைதான் போகுது."

"அதையும் சொல்லிடுங்க."

"எங்க?"

"குழு முன்னாடி. புருஷனோட தொழில் இது, நாத்தனாரோட தொழில் இதுனு ரெண்டையும் பதிவு பண்ணிடுங்க. பதினேழு வரும்போது வாயத் திறக்காதீங்க. வெச்சுக்கலாம்னும் சொல்லக்கூடாது, மாத்தலாம்னும் சொல்லக்கூடாது." ஐந்தாவது பென்சிலை எடுத்தார். "உங்க மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லம்மா."

அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். அந்த விதியை எழுத வைத்தது எது என்று யாருக்குத் தெரியும்? நான்கு வருடத்துக்கு முன்னால், புதிதாகக் கட்டிய புறவழிச் சாலைக் கடைகளைப் பார்க்க ஒரு சாயங்காலம் போயிருந்தாள். இருநூறு மீட்டருக்கு ஒரே சுவர், இறக்கிவிட்ட ஷட்டர், மறுபடி சுவர். பஸ்ஸைப் பிடிக்கப் போன இரண்டு பெண்கள் நடக்கவில்லை, ஓடினார்கள். அவளும் காரணமே இல்லாமல் அவர்களோடு ஓடினாள். அடுத்த தெரு நம் கையில் வந்தால் இப்படி இருக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

விதியைக் கைவிட மனமில்லை. ஊசியைக் கைவிடவும் மனமில்லை. இரண்டையும் சேர்த்துக் காப்பாற்ற ஒரு வழி இருக்கும் என்று இந்த ஆறு நாளும் முடியைப் பிய்த்துக்கொண்டிருந்தவளுக்கு, இப்போது வழி தெரிந்தாலும் சொல்ல முடியாது என்றாகிவிட்டது. போனை எடுத்து நாத்தனாரின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஊசி எடுக்காததற்குக் கோபம் காரணமில்லை. உள்ளே ஆள் இருந்தது.

அவள் கடைக்குப் பலகை கிடையாது. ஒரு கதவு, கனத்த திரை போட்ட ஒரு ஜன்னல், அவ்வளவுதான். உள்ளே வந்துவிட்டால் வேறு உலகம். விளக்கு வெளிச்சத்தில் மரத்தலைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய வலை. சின்னக் கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக அந்த வலையில் முடிச்சுப் போட வேண்டும். நாளெல்லாம் குனிந்து வேலை பார்த்தால் நான்கு விரல் அகலம் நிரம்பும். தலைக்கு மேல் வேலை என்று எல்லோரும் சும்மா சொல்வார்கள், அவளுக்குத்தான் அது நிஜம்.

வந்திருந்தவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். தலையில் துணி கட்டியிருந்தார். கதவருகிலேயே நின்றார், உட்காரவில்லை.

ஊசி எப்போதும் செய்வதைச் செய்தாள். தன் விக்கைக் கழற்றிப் பக்கத்து மரத்தலையில் மாட்டினாள். இருபத்திரண்டு வயதில் ஒரு காய்ச்சலோடு போன முடி, பிறகு வரவேயில்லை. அன்றைக்கு வாங்கிய முதல் விக் தலையில் கூடை கவிழ்த்த மாதிரி இருந்தது. பிடிக்காமல் பிரித்துப் போட்டாள், பிரித்ததை மறுபடி கட்டினாள், அப்படித்தான் தொழில் வந்தது. வேலை செய்யும்போது விளக்குச் சூட்டில் அவளுக்கு விக் ஒத்து வராது. உள்ளே வருகிறவர்களுக்கு இது தெரியும். வெளியே ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

டீச்சர் அந்த வழுவழுப்பான தலையைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

அளவெடுக்கும்போது டீச்சர் மெதுவாகச் சொன்னார். "இது எனக்கு நாலாவது தடவைங்க."

"இங்கயா? நான் உங்கள பாத்ததே இல்லையே."

"கதவு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன், மூணு தடவை. சந்து காலியா இருந்துச்சு. திரை மூடியிருக்கு, உள்ள ஆள் இருக்காங்களா, யாரு இருக்காங்க, ஒண்ணும் தெரியல. இருக்கற தெம்புல தட்டிட்டு நிக்க பயமா இருந்துச்சு. இன்னைக்குத் தற்செயலா நீங்க கதவத் திறந்து தண்ணி ஊத்தினீங்க, அதனால வந்தேன்."

ஊசியின் கையில் அளவு நாடா அப்படியே நின்றது. அவள் அந்தத் திரையை மாட்டிப் பதினொரு வருடம் ஆகிறது. உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றுகிறது என்றுதான் நினைத்திருந்தாள். அது எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியதோ.

டீச்சர் போனதும் போனை எடுத்து அண்ணியைக் கூப்பிட்டாள். ஆறு நாளைக்குப் பிறகு அண்ணியின் குரல்.

"நான் சொல்றத மட்டும் கேளு. இன்னைக்குப் பதினேழு வரும்போது நான் பேசக்கூடாதுனு சொல்லிட்டாங்க. உனக்கு என்ன வேணும்னு நீயே வந்து சொல்லணும்."

"எனக்குப் பேச வராதுனு உங்களுக்குத் தெரியும் அண்ணி."

"என்கிட்ட மட்டும் நல்லா வருதே."

ஊசி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலு மணிதானே? அண்ணன வண்டி எடுத்துட்டு வரச் சொல்லுங்க," என்றாள் ஊசி.

நகராட்சிக் கூடத்தில் அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள், முக்கால்வாசி நிரம்பியிருந்தது. முன்னால் குழுவினர் ஏழு பேர். தலைவி, ஊரில் பல் டாக்டர். யாரைப் பார்த்தாலும் வாயைத்தான் முதலில் பார்ப்பார். நடுவே ஒரு மேஜையில் கீழ்மேல் தெருவின் மாதிரி வடிவம். அட்டையில் கட்டிய வீடுகள், பஞ்சு மரங்கள், விரல்நக அளவு பொம்மை மனிதர்கள். கட்டுகிற நிறுவனத்தின் ஆர்க்கிடெக்ட், ஒல்லியான இளைஞர், யாராவது தொட்டுவிடுவார்களோ என்று அதன் பக்கத்திலேயே காவல் நின்றார்.

பதினாறு விதிகள் சிரமமில்லாமல் போயின. பதினேழு வந்ததும் அண்ணி எழுந்து நின்றாள்.

"ஒரு விஷயத்தப் பதிவு பண்ணணும். என் கணவர் கண்ணாடி பொருத்தற தொழில் பண்றாரு. இந்தத் திட்டத்துல அவருக்கு எந்த வேலையும் இல்ல. என் நாத்தனார் இங்க கடை கேக்கப் போறாங்க. அதனால இந்த விதியில நான் பேசல."

கூடத்தில் சலசலப்பு. கடைசி வரிசையில் கண்ணாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். போன திங்கட்கிழமை, தெருவைக் கட்டுகிற அதே நிறுவனத்தின் ஆளிடம், கீழ்மேலின் பதினொரு கடைக்கும் கண்ணாடி பொருத்த என்ன ஆகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார் மனுஷன். மனைவியிடம் சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் இப்படி வந்து நிற்கும் என்று அவர் கண்டாரா?

முதலில் எழுந்தவர் ஒரு பெரிய துணிக்கடையின் மேலாளர். அவர்களும் இங்கே ஒரு கிளை கேட்டிருந்தார்கள்.

"அருமையான விதிங்க. அறுபது என்ன, நாங்க எழுபதே போடறோம். எங்க எல்லா கிளையிலயும் முகப்பு முழுக்கக் கண்ணாடிதான்."

டாக்டர் அம்மா தலையாட்டினார். "வேற யாரு?"

ஊசி எழுந்தாள். மைக் வரைக்கும் நடந்தாள். மைக்கைப் பிடித்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அண்ணி தன் குறிப்பேட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எழுந்து போய்ப் பக்கத்தில் நிற்கக்கூட அவளுக்கு இன்று உரிமை இல்லை.

"பயப்படாதீங்க, வலிக்காது," என்றார் டாக்டர் அம்மா, பழக்கதோஷத்தில். கூடம் சிரித்தது. ஊசியும் சிரித்துவிட்டாள், அதில் தொண்டை திறந்தது.

"நான் விக் கட்டறவங்க. எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். இதுல கண்ணாடினு போட்டிருக்கு. எந்தக் கண்ணாடி?"

"எந்தக் கண்ணாடினா?"

"என் தொழில்ல கண்ணாடினா முகம் பாக்கறது. நாளைக்கு நான் என் கடை முகப்புல அறுபது விழுக்காடு முகம் பாக்கற கண்ணாடி மாட்டினா, விதிப்படி சரிதானே?"

டாக்டர் அம்மா தாளைப் புரட்டினார். பக்கத்தில் இருந்தவரும் புரட்டினார். ஏழு பேரும் புரட்டினார்கள். அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். எட்டு மாதம், பதினான்கு திருத்தம், சட்டப் பிரிவின் இரண்டு கையெழுத்து. கண்ணாடி பொருத்துகிறவரின் மனைவிக்குக் கண்ணாடி என்றால் வேறு பொருளும் உண்டு என்று எழுதும்போது தோன்றவே இல்லை. காலையில்தான் ஊசி கைக்கண்ணாடியை வீட்டு மேஜையில் வைத்துக் காட்டினாள், அப்போதும் உறைக்கவில்லை.

"சரிதான் போலிருக்கு," என்றார் டாக்டர் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஊசி மேலாளர் பக்கம் திரும்பினாள். "நீங்க எழுபது போடறேன்னீங்களே, அதுமேல படம் ஒட்டுவீங்களா?"

"தள்ளுபடி விளம்பரம் ஒட்டுவோம். எல்லாரும் ஒட்டறதுதானே."

"எவ்வளவு தூரத்துக்கு?"

மேலாளர் கையால் காற்றில் ஒரு அளவு காட்டினார். அது எழுபதுக்குக் கிட்டத்தட்ட முழுசாகவே இருந்தது.

"அப்போ அதுவும் சுவருதாங்க. கண்ணாடிய வெச்சுக் கட்டின சுவரு."

இப்போது கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஊசி மாதிரி வடிவத்தின் அருகே போய்க் குனிந்து பார்த்தாள். ஆர்க்கிடெக்ட் ஒரு அடி முன்னால் வந்தார்.

"தொட மாட்டேன் தம்பி. இந்தப் பொம்மைங்க எல்லாம் தெருவுலயே நிக்குது. கடைக்குள்ள ஒண்ணுகூட இல்லையே, ஏன்?"

"உள்ள... உள்ள வைக்கணும்னு தோணலைங்க."

"எங்க அண்ணி," என்று ஆரம்பித்து, அப்படிச் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் நிறுத்தி, "இந்த விதிய எழுதினவங்க, அதத்தான் கேட்டிருக்காங்கனு நினைக்கறேன். தெருவுல நடக்கறவங்களுக்குத் தேவை கண்ணாடி இல்லைங்க. உள்ள ஒரு ஆள் இருக்கு, வேலை செய்யுதுனு தெரியணும். ஏதாவதுனா அங்க போய் நிக்கலாம்னு தோணணும். என் கடைக்கு மூணு தடவை வந்து மூணு தடவையும் கதவத் தட்ட பயந்து திரும்பிப் போனவங்க இருக்காங்க. இன்னைக்குத்தான் எனக்கே தெரியும். நான் போட்ட திரைதான் காரணம்."

மூச்சு வாங்கினாள்.

"ஆனா என்கிட்ட வர்றவங்கள ஊரு பாக்க வேண்டாங்க. அவங்களே அவங்கள பாத்துக்கப் பழகலை இன்னும். அதனால வேலை செய்யறவங்க தெரியட்டும். வந்து உக்காந்திருக்கறவங்க தெரிய வேண்டாம். இதுல எத்தன விழுக்காடுனு எனக்குச் சொல்லத் தெரியாது."

டாக்டர் அம்மா பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா விதினா அளக்கணுமே. எப்படி அளக்கறது?"

எதிர்பாராத இடத்திலிருந்து பதில் வந்தது. ஆர்க்கிடெக்ட் இளைஞர் தொண்டையைச் செருமினார்.

"ஆழத்த அளக்கலாம் மேடம். முகப்புலேர்ந்து ரெண்டு மீட்டர் ஆழத்துக்கு எதுவும் மறைக்கக்கூடாது. படம், திரை, முகம் பாக்கற கண்ணாடி எதுவும். அந்த ரெண்டு மீட்டருக்குள்ள வேலை மேஜை இருக்கணும். அதுக்குப் பின்னாடி தடுப்பு வெச்சுக்கறது கடைக்காரங்க விருப்பம்." பிறகு ஊசியைப் பார்த்து, கொஞ்சம் வெட்கத்தோடு, "எங்க அம்மா போன வருஷம் விக் தேடி அலைஞ்சாங்க," என்றார்.

துணிக்கடை மேலாளர், விளம்பரம் இல்லாமல் வியாபாரம் எப்படி என்று கேட்டுப் பார்த்தார். துணி மடிக்கிற ஆளை முன்னால் நிறுத்துங்களேன் என்றார் குழுவில் ஒருவர். கைகள் உயர்ந்தன. ஏழில் ஐந்து. பதினேழாம் விதியில் 'கண்ணாடி' என்ற சொல்லே இல்லாமல் போனது. 'கடைக்குள் ஒருவர் வேலை செய்வது நடைபாதையில் செல்பவருக்குத் தெரிதல் வேண்டும்' என்று, ஓரத்தில் உட்கார்ந்திருந்த பிரிவுத் தலைவர் தன் கைப்பட எழுதிக்கொண்டார். பென்சில் நல்ல கூர்.

அண்ணி குறிப்பேட்டில் எதையோ எழுதுவதுபோல் குனிந்திருந்தாள். அவள் நான்கு வருடமாகச் சொல்ல நினைத்ததை நாத்தனார் நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். பொறாமையாக இருந்தது என்று எழுதினால்தான் உண்மை. அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது, அதனால்தான் கண்ணில் நீர்.

மிச்ச விதிகளும் முடிந்து வெளியே வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. கண்ணாடித் தகடு சாய்த்துக் கட்டும் சட்டம் வைத்த வண்டியில் மூன்று பேரும் முன் சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். நடுவில் ஊசி.

"அண்ணி," என்றாள்.

"சொல்லு."

"சாப்பாட்டுல எழுந்து போனது தப்பு. சொன்னது தப்பில்ல."

"எழுதினது தப்பு. நினைச்சது தப்பில்ல," என்றாள் அண்ணி. "காலையில கைக்கண்ணாடிய வெச்சியே, அப்பவே இத யோசிச்சு வெச்சிருந்தியா?"

"இல்ல. நீங்க கூடத்துல எழுந்து நின்னப்போ உங்க தலைமேல மறுபடி கண்ணாடி இருந்துச்சு. அப்பதான்."

அண்ணி தலையைத் தொட்டுப் பார்த்தாள். அங்கேதான் இருந்தது. இரண்டு பேரும் வண்டி குலுங்கச் சிரித்தார்கள். ஆறு நாள் சிரிப்பு பாக்கி இருந்தது இருவருக்கும். கண்ணாடிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. சாவியைப் போட்டும் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"இந்தா, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்," என்றார் மனைவியிடம்.

"சொல்லுங்க."

"இங்க வேண்டாம். வீட்டுக்குப் போயி சொல்றேன்."

அண்ணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பதினெட்டு வருடத்தில் அவர் இப்படி ஒத்திப்போட்டுச் சொன்ன விஷயம் எதுவும் நல்ல விஷயமாக இருந்ததில்லை. கேட்க வாயெடுத்தாள். அதற்குள் ஊசி பையிலிருந்து விண்ணப்பத் தாளை எடுத்து மடியில் விரித்துவிட்டாள்.

தாளில் தெருவின் படம், பதினொரு கட்டங்கள். ஒரே ஒரு கட்டத்தில்தான் குறி போடலாம்.

"நாலாம் நம்பர் போடு," என்றார் அண்ணன், பேச்சு மாறியதில் நிம்மதியாக. "நடுவுல இருக்கு. முகப்பு சின்னது, எதிர்ல மரம் வருது. அவ்வளவா யாரு கண்ணுலயும் படாது."

"நான் எதுவும் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது," என்று அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அண்ணன் தயங்கினார். பிறகு கேட்டேவிட்டார். "ஊசி, நீ பேசினதெல்லாம் சரி. வேலை செய்யறவங்க வெளிய தெரியணும்னு நீயே சொல்லிட்டு வந்துட்ட. அங்க வேலை செய்யப்போறது நீதான். வேலை செய்யும்போது விக்கக் கழட்டி வெச்சிடுவியே. அத யோசிச்சியா?"

அண்ணி முகத்தைத் திருப்பினாள். இதை அவளும் யோசித்திருக்கவில்லை.

 ஊசி பேனாவின் மூடியைக் கழற்றினாள், மறுபடி மூடினாள்.

"மைக் முன்னாடி பாதி பேசும்போதே தோணுச்சு. அங்கயே நிறுத்திடலாமானு இருந்துச்சு," என்றாள். "அந்த டீச்சர் இன்னைக்குக் கதவுகிட்டயே நின்னுட்டு இருந்தாங்க. என் தலையப் பாத்த அப்பறம்தான் உக்காந்தாங்க. எல்லாரும் அப்படித்தான் அண்ணா. என் தலையப் பாத்தாதான் உக்காருவாங்க."

"அது உள்ள வந்தவங்களுக்கு. இது ஊருக்கே."

"வெளியிலேர்ந்தே பாத்திருந்தா அவங்க முதல் தடவையே வந்திருப்பாங்க."

 பயம் போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன், போகவில்லை. ஆனால் பேனா நாலாம் கட்டத்தைத் தாண்டிப் போனது. ஐந்து, ஆறு, ஏழு என்று ஊர்ந்து, தெரு முடிகிற இடத்தில் பதினொன்றில் வந்து நின்றது.

"அது துணிக்கடைக்காரரு கேட்டிருக்கற கடைம்மா. அந்த ஆளு சும்மா விடமாட்டாரு," என்றார் அண்ணன்.

"கேக்கட்டும். நானும் கேக்கறேன்."

"அது முனைக்கடை, ஊசி. ரெண்டு பக்கமும் தெரு. ரெண்டு பக்கத்துலேர்ந்தும் தெரியும்."

"தெரியட்டும்ணா," என்று சொல்லிக் கட்டத்தில் குறி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டாள்.